புது உத்தரவும் மகளுக்கு வாங்கிய அரிசியும்

பிரதமர் திடீரென்று இறந்து, இன்னொருவர் தற்காலிகமாகப் பொறுப்பேற்றிருந்த சமயம். பிள்ளை பெற்றுக் கிடந்த என் மகளுக்காகக் களியக்காவிளையில் அரிசி வாங்கிக்கொண்டு எல்லை தாண்டி கேரளத்துப் பாறசாலைக்குத் திரும்பினேன். செக்போஸ்டில் போலீஸ்காரன் மறித்தான்.

"அரிசி கொண்டு போவப்பிடாது சேச்சி. புது உத்தரவாக்கும்."

தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் போலீசிடம் அடிபட்ட நாள்முதல் காக்கிச்சட்டை சொல்வதை நான் நம்புவதில்லை.

"எலே, நேத்து பிரதமரு கசேரையில ஏறினவரு மொதல்ல எனக்க அரிசியையா நெனச்சாரு? நீ கொண்டு விக்கதுக்காக்கும் இந்த உத்தரவு."

அவன் அரிசி இருந்த ஓலைப்பெட்டியில் கைவைத்தான். நான் பக்கத்துச் சாயாக்கடைக் குடத்தைத் தூக்கி, அரிசியில் தண்ணீரைக் கவிழ்த்தேன்.

"இன்னா, கொண்டு போ மக்கா. வெயில்ல ஒணக்கி வித்துக்க."

நனைந்த அரிசியை யார் வாங்குவார்கள்? முறைத்துவிட்டு விலகினான். அதை இடித்து மகளுக்குப் புட்டு அவித்தேன்.

சில நாளில் வேறு பிரதமர் வந்தார். அப்போதும் நான் அரிசிக்குப் போனது தண்ணீர்க் குடத்தோடுதான்.