காளியம்மாளின் வெறுங்கால்

கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிப் பட்டறையில் நான் செயற்கைக் கால் செய்துகொண்டிருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். என் மரக்காலைப் போட்டுக்கொண்டு தாழ்வாரம் முழுக்க நன்றாக நடந்து வந்த ஒருத்தி, டாக்டரம்மா அறை வாசலில் தடாலென்று பின்பக்கம் சாய்ந்தாள். நல்லவேளை, பின்னாலேயே வந்த நான் தாங்கிப் பிடித்துவிட்டேன்.

அவள் பெயர் காளியம்மாள். தாண்டிக்குடிப் பக்கம் காபி எஸ்டேட்டில் வேலை. நிழல்மரம் கவாத்து செய்தபோது கிளை விழுந்து, வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அப்போது மாசமாக இருந்தாள். பிள்ளை பிழைத்தால் தானே தூக்கிக்கொண்டு பழனி மலையேறி முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. கால் என் பொறுப்புக்கு வந்தது.

எங்கள் தொழிலில் மரம் செதுக்குவது பாதி வேலைதான். அந்த மரத்தோடு உடம்பைச் சிநேகமாக்குவது மீதி. மிச்சக் காலை, அதாவது ஸ்டம்ப்பை, மரக்காலின் மேற்குழியான சாக்கெட்டுக்குள் வைத்து நடக்கச் சொல்வோம். கழற்றினால் அங்கங்கே சிவந்திருக்கும். சிவப்பு சீக்கிரம் மறைந்தால் சரி. மறையாவிட்டால் அந்த இடத்தில் மரத்தைச் சுரண்ட வேண்டும். காளியம்மாளின் தோல் லேசில் மசியவில்லை. வாரக்கணக்கில் சுரண்டினேன், முணுமுணுத்துக்கொண்டேதான்.

அத்தனையும் முடிந்து, நன்றி சொல்ல வந்த இடத்தில் இப்படி.

"ஷூவ ஏன் கழட்டுன?" என்று கத்தினேன்.

"டாக்டரம்மா ரூமுக்குள்ள செருப்போட எப்பிடிண்ணே போறது?"

நாங்கள் கற்ற முறையில் கால் என்றால் ஷூ போட்ட கால். குதி உயரத்துக்குக் கணக்குப் பண்ணிச் செய்தது. அதைக் கழற்றினால் ஆள் பின்னால் சாய வேண்டியதுதான். டாக்டரம்மா வெளிநாட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "கழட்டாம நடக்கச் சொல்லுங்க மேஸ்திரி," என்றார்.

"மலைக்குமா? செருப்போட படியேறவா இம்புட்டுப் பாடும்? டோலியில ஏத்திவிடுறேன்னு எங்க வீட்டுக்காரரு அன்னைக்கே சொன்னாருங்க. நாந்தான் மாட்டேன்னேன்."

அழவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெறுங்காலுக்கு முடியுமா மேஸ்திரி?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பாத்துருவோம்மா."

பாதத்தைப் புதிதாகச் செய்தேன். குதியை இறக்கி, கணுக்கால் சாய்வை மாற்றி, அடியில் டயர் ரப்பர் ஒட்டினேன். காலை இறுக்கிப் பிடிக்கும் மாட்டுத்தோல் வார் கோயிலுக்கு ஆகாதென்று கெட்டித் துணி நாடா தைத்தேன். ஷூவுக்குள் ஒளிந்திருந்தவரை விரல் தேவைப்படவில்லை. இப்போது ஐந்து விரலும் செதுக்க வேண்டியிருந்தது.

"அண்ணே, கட்டவெரலுக்கு அடுத்த வெரலச் சுத்திக் கொஞ்சம் சந்து விடுங்க."

"எதுக்கு?"

"விடுங்கண்ணே."

"வேல வைக்கிறதுல ஒன்னய மிஞ்ச ஆளில்ல," என்றேன். விட்டேன்.

தைப்பூசக் கூட்டம் ஓய்ந்தபின் ஒருநாள் பட்டறைக்கு வந்தாள். இடுப்பில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளை.

"ஏறிட்டியா?"

"உக்காந்து உக்காந்து ஏறுனேன்ணே. பிள்ளய யாருகிட்டயும் குடுக்கல."

பழக்க தோஷத்தில் காலைக் கழற்றச் சொல்லி ஸ்டம்ப்பைப் பார்த்தேன். சிவந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது. அப்புறம்தான் கையிலிருந்த மரப்பாதத்தைக் கவனித்தேன். அவள் சொந்தக் காலுக்குப் பூசிய மஞ்சளை அதற்கும் பூசியிருந்தாள். சந்து விட்ட விரலில் மெட்டி.

"ஆபரேசன் அன்னைக்குக் கழட்டிக் குடுத்தாங்கண்ணே. முந்தியில முடிஞ்சே வச்சிருந்தேன்."

பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

சிவப்பு மறைந்தால் உடம்பு மரத்தை ஏற்றுக்கொண்டது என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் பெண்ணுக்குக் கால் செய்தாலும், அவள் கேட்காமலே அந்த விரலைச் சுற்றிச் சந்து விட்டேன்.