ஒற்றைச் செல் வெளிச்சம்

சிப்பிகாட்டில் அதிக டார்ச் வைத்திருப்பவர் சிவப்பிரகாசம். இருட்டில் அதிகம் தடுக்கி விழுபவரும் அவரே. மின்துறையில் ஓய்வு பெற்ற மதுரைக்காரர். கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து யார் வந்தாலும் ஒரு டார்ச் கேட்பார். வருவதில் ஒன்றிரண்டு தவிர எல்லாம் தீவில் கிடைக்காத செல் கேட்கும்.

பக்கத்துத் தோட்டத்துச் சொர்ணம்மாவிடம் இருந்தது ஒன்றே ஒன்று. இரண்டு பென்சில் செல் போடும் பிளாஸ்டிக் டார்ச். இலங்கைத் தேயிலை மலையிலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய குடும்பம் அவளுடையது. சொந்த மண் என்று காலை வைத்தது கல்யாணத்துக்குப் பிறகு இங்கேதான். அதில் கத்தரி நாற்று விட்டாள். முதல் விதைப்பை ஆப்பிரிக்க நத்தை தின்றது. இரண்டாவது முளைத்து நின்றது; அதோடு விதை தீர்ந்தது. இனி விதை கப்பலில் வர வேண்டும். கப்பல் எப்போது வரும் என்பது கப்பலுக்கே தெரியாது.

சில நாள் வெயிலுக்குப் பின் ஒரு மத்தியானம் மழை கொட்டியது. மழையைக் கண்டு விவசாயி பயப்படுவது இந்த ஊரில்தான். பொழுது சாய்ந்ததும் நத்தை புறப்படும். டார்ச் அடித்துப் பொறுக்கி உப்புத் தண்ணி வாளியில் போடாவிட்டால் காலையில் பாத்தி மொட்டை.

டார்ச்சில் செல் செத்திருந்தது. கடையில் பென்சில் செல் இல்லை. கடைக்காரர் குணா, சோலார் விளக்குக்கு வந்த லித்தியம் செல் இரண்டை நீட்டினார்.

"சைஸ் ஏக்தம் ஒண்ணுதான்க்கா. சலேகா, ஓடும்."

வேலியோரம் சிவப்பிரகாசம் மறித்தார். "உன் ஓட்டை டார்ச்சுல போட்டுக் கெடுத்துறாத. இங்க கொண்டா." தன்னிடமிருந்த, அதே அளவு செல் போடும் ஜப்பான் டார்ச்சில் இரண்டையும் போட்டு அமுக்கினார். ஒரு கணம் பட்டப்பகல். அதற்குப் பிறகு அந்த டார்ச் எரியவே இல்லை.

"என்னண்ணே, படம் முடிஞ்சிருச்சா?"

"அளவுதான்ம்மா ஒண்ணு. பென்சில் செல் ஒன்றரை வோல்ட். இது மூணே முக்கால் கிட்ட. ரெண்டு போட்டா ஏழரை."

"காசு குடுத்து ஏழரையை வாங்கிட்டு வந்திருக்கேன். என் டார்ச்சுக்கு எவ்வளவு வேணும்?"

"மூணு."

"அப்ப ஒண்ணு போட்டா போதுமில்ல?"

"மிச்சப் பாதி காலியா கெடக்குமே. கரண்ட் என்ன தாவியா போகும்?"

"காலியா ஏன் விடணும்?"

பாக்கு மரச் சிம்பு ஒன்றைச் செல் நீளத்துக்குச் சீவினாள். அதன் மேல் இரு முனையும் மூடும்படி செம்புக் கம்பி சுற்ற வேண்டும் என்றார் அவர். கம்பியையும் அவரே உரித்துக் கொடுத்தார். அவர் அதை இயற்பியல் என்றார். அவள் சந்து அடைப்பது என்றாள். ஒரு செல், ஒரு கட்டை. அமுக்கினாள்.

எரிந்தது. புதுச் செல் போட்ட நாளில்கூட இப்படி எரிந்ததில்லை.

"சூடானா அணைச்சிரு," என்றார் சிவப்பிரகாசம், கொஞ்சம் பொறாமையோடு.

"சரிண்ணே. நீங்க வாளியப் புடிங்க."

ஊரிலேயே அதிக டார்ச்சுக்குச் சொந்தக்காரர் அன்று வாளி தூக்கினார். பாத்தி விளிம்பில், வாழைத்தண்டின் அடியில், வேலிக்கல் இடுக்கில் என்று அவள் வெளிச்சம் போன இடமெல்லாம் நத்தை. வாளி நிறைந்தது, அவர் முனகிக்கொண்டே இன்னொன்று கொண்டுவந்தார்.

விடிந்தபோது நாற்று முழுசாக நின்றது, பச்சைப் பாய் விரித்த மாதிரி. சொர்ணம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு வேலிக்கு அப்பால் குரல் கொடுத்தாள்.

"அண்ணே, அடுத்த வாரம் நடவு. ஆள் பத்தாது, வந்துருங்க."