நீலத் தொப்பிக்காரரின் புதுப் பெடியன்

அஜக்ஸ் போகும் ரயிலில் அவர் எனக்கு எதிரே இருந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் எங்கள் நகரத்து பேஸ்போல் அணியின் நீலத் தொப்பி. அதைக் கழற்றுவார், முழங்காலில் மாட்டுவார், மறுபடி தலைக்கு ஏற்றுவார். கைத்தொலைபேசியில், ரொறன்ரோ மைதானத்தில் நடந்த பகல் ஆட்டம். ஏப்ரல் மாதம், சீசன் இப்போதுதான் தொடங்கியிருந்தது. அதற்குள் முழு அணியையும் கழுவி ஊற்றிவிட்டார்.

"பந்து எறியிற பிட்சருக்குத் தோள் சரியில்லை. அதை விடுங்கோ. இந்தப் புதுப் பெடியன்ர விளையாட்டைப் பார்க்க வயிறு எரியுது. இண்டைக்கும் அவுட். மட்டை பிடிக்கத் தெரியாதவனை ஆர் எடுத்தது?"

எனக்கு அந்த விளையாட்டு அவ்வளவாக விளங்காது. பேச்சுக்கு ஒத்து ஊதினேன்.

"ஓம் அண்ணை, உவனை அணியிலயிருந்து நிப்பாட்டத்தான் வேணும்."

தொப்பி முழங்காலிலேயே நின்றுவிட்டது.

"என்ன கதை கதைக்கிறியள் தம்பி? இன்னும் குளிர்கூட விடேல்லை. விறைச்ச கையோட அவன் என்னெண்டு அடிக்கிறது?"

தொலைபேசியோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது நானும் ஆட்டம் பார்க்கிறேன். அந்தப் பெடியன் மட்டையோடு வந்தால் எனக்கும் இருப்புக் கொள்வதில்லை. போன ஞாயிறு அவன் மறுபடி அவுட்டானதைத் தொலைக்காட்சியில் பார்த்து என் மனைவி சிரித்தாள்.

"குளிரப்பா. கை விறைச்சிருக்கும்" என்று சீறினேன்.

"குளிரெண்டால் மைதானத்துக் கூரையை மூடிப்போடுவினம். உள்ளுக்கை ஹீட்டர் போட்டிருப்பினம். என்ன குளிர்?"

இத்தனை காலம் ஆட்டம் பார்க்கும் அந்த நீலத் தொப்பிக்காரருக்கு அந்தக் கூரை தெரியாமலா இருந்திருக்கும்?