மாங்காய்ப் பால் பட்ட டயல்

1. முதல் நாளில் நான் பிடித்த குற்றம்

ஓசூரில் வாட்ச் டயல் செய்யும் ஒரு யூனிட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சூப்பர்வைசர் ஒரு டிரேயில் இருபத்தைந்து டயல்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பெங்களூர்க்காரர். கன்னடமும் தமிழும் அவர் வாயில் கலந்தேதான் வரும்.

"நோடம்மா, இதுல ஒண்ணு ரிஜெக்ட். எதுன்னு கண்டுபுடிச்சு சொல்லு."

வெறும் கண்ணுக்கு இருபத்தைந்தும் ஒன்றுபோலத்தான் இருந்தன. லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அச்சு என்றால் தட்டையாக இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். லென்ஸுக்கு அடியில் ஒவ்வொரு கோடும் மேடாக எழும்பி நின்றது. ஓரத்தில் வெளிச்சம் பட்டு நிழல்கூட விழுந்தது. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய தகட்டுக்குள் இத்தனை இருக்கிறதா என்று வாயடைத்துப் போனேன்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு டயலில் வளைந்த கறுப்புக் கோடு ஒன்றைக் கண்டுபிடித்து, பெருமையாக நீட்டினேன். அவர் ரப்பர் புளோயரால் ஒரு ஊது ஊதினார். கோடு பறந்துபோனது. என் கண்ணிமை முடி.

"டயல் நல்லாத்தாம்மா இருக்குது. நீ போட்ட ரிஜெக்ட் அது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இருபத்தேழு வருடம் அதே நாற்காலியில் டயல் இன்ஸ்பெக்ஷன் செய்தேன். தூசி எடுக்க எங்களிடம் பச்சை நிறப் பிசின் ஒன்று இருக்கும். சப்பாத்தி மாவுப் பதம். கூராக உருட்டி, தூசியின் மேல் லேசாக ஒற்றினால் தூசி அதோடு வந்துவிடும். கண் பார்த்ததும் கை ஒற்றிவிடும். நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது. "எங்க வீட்டுல இட்லிக்கும் இன்ஸ்பெக்ஷன் உண்டு" என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். அவர் தட்டில் இதுவரை ஒரு முடி கிடந்ததில்லை.

2. அழுக்கு கேட்கிற மனிதர்கள்

ரிட்டையர் ஆனபோது சும்மா இருக்கத்தான் நினைத்தேன். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. ஸ்விட்சுகளுக்கு எழுத்து அச்சடித்துக்கொண்டிருந்த ஒரு சின்ன யூனிட் மூடப்பட்டபோது, அங்கே இருந்த கைப்பிடி பேட் பிரிண்டிங் மெஷின் ஒன்றை வாங்கி, ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் என் வீட்டின் பின்னறையில் வைத்தேன். பித்தளைத் தகட்டில் டயல் வெட்டி, வாட்சுக்குள் பொருந்த அடியில் இரண்டு கால் வைத்து, பெயின்ட் அடித்து, லேக்கர் என்கிற மெருகுப் பூச்சைப் பூசி, எண்களை அச்சடிப்பேன். எல்லாம் பழைய மாடல். பால் வெள்ளை, சந்தன நிறம், ஓரத்தில் ரயில் பாதை போல நிமிடக் கோடுகள். கம்பெனி பெயர் மட்டும் போடமாட்டேன். அடுத்தவன் பெயரை நான் அச்சடிப்பதில்லை, அந்த இடம் வெறுமனே இருக்கும்.

மெஷினின் சிலிக்கான் பேட் இங்க்கைத் தூக்கி வந்து, டயலைத் தொட்டு, மேலே எழும் அந்த நொடி இருக்கிறதே. இல்லாத எண்கள் இருக்கும். ஆயிரம் முறை பார்த்திருப்பேன். இன்றைக்கும் அந்த நொடி என் மூச்சு நின்றுதான் வரும்.

பெங்களூரில் பழைய வாட்ச் சேர்க்கிறவர்கள் போனில் கூப்பிட்டு வாங்குவார்கள். அதில் சிலர், "மேடம், கொஞ்சம் பழசாத் தெரியற மாதிரி கறை பண்ணிக் குடுங்க" என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். இருபத்தேழு வருடம் கறையை விரட்டியவளிடம் கறை கேட்டால்? "கட்டிக்கிட்டு வெயில்ல நில்லுங்க சார், தானா வரும்" என்று சொல்லி போனை வைத்துவிடுவேன்.

3. கவிதா கேட்டது

ஆனி பத்து தேதி தாண்டியிருந்த சமயம். பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கும் கவிதா வந்தாள். வண்டிகளுக்கு ஒயர்க் கட்டு செய்யும் ஒயரிங் ஹார்னஸ் கம்பெனியில் லைன் வேலை பார்க்கிறவள். கைக்குட்டையைப் பிரித்து ஒரு வாட்சை மேஜை மேல் வைத்தாள். சாவி கொடுக்கிற பழைய வாட்ச். சந்தன நிற டயல். நாலுக்கும் ஆறுக்கும் நடுவே பழுப்பாக ஒரு கறை.

"எங்கப்பாதுங்க்கா. போன வருசம் தவறிட்டாரு. வாட்ச் அண்ணன்கிட்ட இருக்குது. ஆம்பளப் பையனுக்குத்தான் அதுன்னு குடுத்துட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலைங்க. ஆனா எனக்கும் ஒண்ணு வேணுங்க்கா. இதே மாதிரி."

"டயல் பண்ணிடலாம்மா. கறை இல்லாம புதுசா, பளிச்சுனு..."

"கறையோடங்க்கா. கறை இல்லைன்னா அது யாரோ கட்டின வாட்ச்."

சாமல்பட்டியில் இருக்கும் அவள் அண்ணன் முருகேசன் லேசில் கொடுத்துவிடவில்லையாம். மாதக் கடைசியில் அப்பாவின் முதல் வருஷத் திதி. அன்றைக்கு அதைக் கையில் கட்டிக்கொண்டு படையல் போட வேண்டும். "எப்படிக் குடுத்தனோ அப்படியே வரணும். ஒரு தூசி குறைஞ்சாலும் நான் உன் மூஞ்சில முழிக்க மாட்டன்" என்று சொல்லித்தான் தங்கை கையில் கொடுத்திருக்கிறார். எனக்குக் கிடைத்தது பதினெட்டு நாள்.

அவள் போனபிறகு வாட்சின் கண்ணாடியைக் கழற்றி, கறையை லென்ஸில் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு அது டீ சிந்திய மாதிரிதான். லென்ஸில் கோடையில் காய்ந்த தென்பெண்ணை ஆற்றுப் படுகை தெரிந்தது. லேக்கர் மெல்லிய பாளங்களாக வெடித்து, ஒவ்வொரு பாளமும் வெல்லப்பாகு நிறத்தில், ஓரம் மட்டும் பொன்னாக மின்னிக்கொண்டிருந்தது. என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்த டயல் வந்திருந்தால் ஒரு விநாடி யோசிக்காமல் ரிஜெக்ட் டிரேயில் தள்ளியிருப்பேன். இப்போது வைத்த கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

4. பழுப்புக் கை

டயலும் எண்களும் நான்கு நாளில் முடிந்தன. ஒன்றுக்கு ஆறாகச் செய்து வைத்துக்கொண்டேன். கறைதான் வரவில்லை. டீ டிக்காஷன் வைத்தேன், லேக்கரில் ஒட்டவே இல்லை. ஹீட் கன் காட்டினேன், கொப்புளம் வந்தது. பெர்மாங்கனேட் கரைத்து வைத்தேன். டயலில் ஊதாவும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு அசிங்கம்; என் விரல்கள்தான் நன்றாகப் பழுப்பேறின. சோப்பு, எலுமிச்சை எதற்கும் போகவில்லை.

ஷிஃப்ட் முடிந்து எட்டிப் பார்த்த கவிதா டயலைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?"

"சீசன்ல எங்கப்பா கை இப்படித்தாங்க்கா இருக்கும். மாங்காப் பால் பட்டுப் பட்டு."

அவள் அப்பா மாந்தோப்புகளில் காய் பறிக்கிறவர். பறித்த காய்களின் காம்பை ஒடித்து, பாலை வடியவிட்டு, கிரேட் பெட்டியில் அடுக்குவார். வாட்சைக் கழற்றவே மாட்டாராம். வாட்ச் கண்ணாடி ஓரத்தில் ஒரு விரிசல் இருந்ததை நானும் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டு, அதையும் ஒரு குற்றமாகக் குறித்துக்கொண்டு நகர்ந்திருந்தேன். கறை உள்ளே வந்த வழியே அதுதான் என்று எனக்கு உறைக்கவில்லை. என் இன்ஸ்பெக்ஷன் லட்சணம் அப்படி.

மறுநாளே கவிதா ஊருக்குப் போய் ஒரு சின்ன பாட்டிலில் பால் பிடித்து வந்தாள். ஒரு சொட்டு வைத்தேன். பசை மாதிரி காய்ந்தது, அவ்வளவுதான். ஊரிலிருந்த தோப்புக்காரர் ஒருவரிடம் போனில் கேட்டாள். அவர் சிரித்திருக்கிறார்.

"காம்பை ஒடிச்ச உடனே பீச்சுது பாரு, அதும்மா சுடற பாலு. அப்பறமா வடியறது சும்மா. பாட்டல்ல புடிச்சா எங்கிருந்து சுடும்?"

சீசன் முடியும் தறுவாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் கவிதா ஒரு பை நிறைய பெங்களூரா மாங்காய்களைக் காம்போடு கொண்டுவந்தாள். மொட்டை மாடியில் ஆறு டயல்களையும் வரிசையாக வைத்தேன். அவள் காம்பை ஒடிக்க, பீச்சிய பாலை ஊசி முனையில் தொட்டு, நாலுக்கும் ஆறுக்கும் நடுவே வைத்தேன். கண்ணாடித் தட்டால் மூடி வெயிலில் விட்டோம்.

முதல் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு லேக்கர் மெல்லச் சுருங்கியது. மதியத்துக்குள் ஓரம் மஞ்சளானது. நானும் கவிதாவும் ஆளுக்கொரு லென்ஸோடு மாடியில் குந்தியிருந்தோம். என் கணவர் வந்து, "ரெண்டு பேரும் பேன் பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் குடை ஒன்றை வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் வெடிப்பு விழுந்தது. தானாக ஓடியது, தானாகக் கிளைத்தது. ஒரு கோடுகூட நான் போட்டதல்ல. வாழ்நாளெல்லாம் டயல் மேல் கோடு போட்ட, கோடு பார்த்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. ஒரு மாங்காய்க் காம்புக்குள் இந்த வேலை தெரிந்த கை எங்கே இருந்தது?

ஐந்து டயல்கள் ஒவ்வொரு விதமாகப் போயின. ஆறாவது அப்பாவின் கறையை ஒட்டியே வந்திருந்தது. கவிதா அதைத் தொடவில்லை. பார்த்து அழுதாள்.

5. என் கை செய்தது

திதிக்கு இரண்டு நாள் இருந்தது. டயல் வாங்கும் பெங்களூர்க்காரர் ஒருவரிடம் அதே மாடல் வாட்ச் ஒன்றை வாங்கி, கவிதாவின் டயலை அதில் பொருத்தியாகிவிட்டது. அப்பாவின் வாட்சுக்குக் கண்ணாடி மாட்ட வேண்டியது ஒன்றுதான் பாக்கி. மாட்டும்முன் டயலைக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். கறையின் ஓரத்தில் ஒரு தூசி. கண் பார்த்தது. கை ஒற்றிவிட்டது.

பிசினைத் தூக்கினால், அதன் முனையில் தூசி மட்டும் இல்லை. வெல்லப்பாகு நிறத்தில் ஒரு பாளம் இருந்தது. லென்ஸிலேயே கடுகில் பாதிதான் இருக்கும். டயலில் அந்த இடத்தில் பித்தளை பளபளத்தது.

என் வேலையில் எத்தனையோ டயல்களைக் கெடுத்திருக்கிறேன். அவையெல்லாம் இன்னொன்று செய்துகொள்ளக்கூடியவை. பாளத்தைத் திருப்பி ஒட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முருகேசனிடம் லென்ஸா இருக்கப் போகிறது? ஆனால் பிசினில் இருந்து இன்னொரு தரம் எடுத்தால் முழுதாக வருமா, பொடியாகுமா என்று தெரியாது. தவிர, மற்றவர்கள் மறைத்த குற்றங்களைக் கண்டுபிடித்துத்தான் இத்தனை வருடம் சம்பளம் வாங்கினேன்.

கவிதாவிடம் சொன்னேன். "அண்ணன் பேச மாட்டாருங்க்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

6. சாமல்பட்டி

மறுநாள் காலை இரண்டு பேரும் கிருஷ்ணகிரி போய், பஸ் மாறி, சாமல்பட்டிக்குப் போனோம். இரண்டு வாட்சும், பாளம் ஒட்டிய பிசினும், லென்ஸும், கருவிகளும் என் மடியில் ஒரு டப்பாவில் இருந்தன. வழியெல்லாம் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே போனேன்.

முருகேசன் வாசலில் வேப்பமரத்தடியில் இருந்தார். உட்காரச் சொல்லும் முன்பே சொல்லிவிட்டேன்.

"தப்பு என்னோடதுங்க. உங்க தங்கச்சி மேல ஒண்ணும் இல்ல. கறையில ஒரு துண்டு என் கையோட வந்துருச்சு."

அவர் தங்கையைப் பார்த்தார். வாட்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கீங்க? ஒண்ணும் தெரியலையே" என்றார். லென்ஸைக் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன்.

பிடித்தவர் வெகு நேரம் நிமிரவில்லை.

"இதுக்குள்ள இவ்ளோ இருக்குதுங்களா?" என்றார் குனிந்தபடியே. "ஒரு வருசமாக் கையில கட்டிட்டு இருக்கறன். கறைன்னுதாங்க நெனச்சன். இது எங்கப்பா செஞ்ச வேலை மாதிரியே இருக்குது."

"அந்தப் பித்தளை பளபளக்கற இடம்தாங்க போனது."

"பாத்தன்." லென்ஸை இறக்கினார். "போன துண்டு எங்க?"

பிசினைக் காட்டினேன். இத்தனை சின்னதா என்பதுபோல முதலில் என்னைப் பார்த்தார். பிறகு லென்ஸில் பார்த்தார். பிறகு கவிதாவின் வாட்சை வாங்கி, அதையும் பார்த்தார்.

"திருப்பி ஒட்ட முயற்சி பண்ணட்டுங்களா?" என்று கேட்டேன்.

"வேணாங்க. அத இவ வாட்ச்ல ஒட்டிருங்க."

கவிதா, "அண்ணா..." என்றாள்.

"அப்பா கை பட்டது மொத்தமும் நானே வெச்சிக்கிட்டன். அவருக்கே அது புடிக்கல போலிருக்குது. உன் பங்கு உன்கிட்ட வந்துருச்சு. எடுத்துக்க."

அந்த வேப்பமரத்தடியில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மேஜையாக்கி, என் வாழ்க்கையின் மிகச் சின்ன வேலையைச் செய்தேன். ஊசி முனையில் லேக்கர் தொட்டு, கவிதாவின் டயலில் அஞ்சு மணிக் கோட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பாளத்தை இறக்கினேன். பாதி பொடியானது. பாதி உட்கார்ந்தது. அண்ணனும் தங்கையும் மூச்சுவிடாமல் இரண்டு பக்கமும் குனிந்திருந்தார்கள். நானும் மூச்சுவிடவில்லை.

இந்த வேலைக்கு இப்போது ஆசையாக வருகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். புது டயல் செய்யும்போது ஒரு தூசியையும் விடாதீர்கள். பழைய டயல் ஒன்று கைக்கு வந்தால், பிசினை எடுத்துப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். எழுந்து போய் எடுத்து வருவதற்குள், எடுக்கப்போவது தூசிதானா, யாருடைய பங்கா என்று ஒருமுறை யோசித்துவிடலாம்.