பன்னிரண்டு முருங்கைக்காய்

ஆஸ்பத்திரியில் கதவோரம் நாற்காலி போட்டு உட்காரும் உத்தியோகத்தில் சம்பளம் குறைவு; நம்மிடம் இருப்பதாக மற்றவர்கள் நினைக்கும் அதிகாரம் மிக அதிகம். கதவோரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

நான் வேலை பார்க்கும் தாம்பரம் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு புது மாத்திரையைச் சோதிக்கிறார்கள். சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான மருந்து. மீதிப் பேருக்கு அதோடு புது மாத்திரையும் உண்டு. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவது போல எடுக்கும். பெரிய டாக்டராலும் மாற்ற முடியாது. நான் பெயர் கூப்பிடுவேன், ரத்தம் எடுத்த டியூப்களை எண்ணி லேபில் சேர்ப்பேன். படிப்பு ஏழாவதுதான், எண்ணிக்கை மட்டும் தப்பாது.

நாற்காலிக்கு அடியில்

முடிச்சூர் ரெஜினாவின் கணவர் பாஸ்கர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் கையெழுத்துப் போட்ட அன்று, ரெஜினா என் நாற்காலிக்கு அடியில் ஒரு பையைத் தள்ளினாள். பன்னிரண்டு முருங்கைக்காய். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பெண்களிடம் பேச எனக்குக் கூச்சம். தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு அது தலையாட்டியது போலத் தெரிந்திருக்க வேண்டும்.

"வூட்டு மரத்துல காச்சதுண்ணா. அவர புது மாத்திர பக்கம் பார்த்துப் போட்டு வுடுங்க."

குலுக்கல்

இரண்டு நாள் கழித்து, எங்கள் அறையின் கீதா சிஸ்டர் கம்ப்யூட்டரில் பட்டனை அழுத்தினார். பாஸ்கருக்கு வழக்கமான மருந்துதான் வந்தது. சிஸ்டர் பொறுமையாக விளக்கினார். ரெஜினா அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். காயெல்லாம் அதற்குள் சாம்பாராகிவிட்டது. எனக்குக் காது சுட்டது. பாஸ்கர்தான் சிரித்தார்.

"வுடு ரெஜினா. பன்னெண்டு காய்க்கு பழைய மருந்துதான் வரும்."

ஆறு டியூப்

மருந்து ஏற ஏற அவருக்கு முடி கொட்டியது, பிறகு காய்ச்சல் கண்டு ஐ.சி.யூ.வுக்குப் போனார். ரெஜினா வராந்தாவில் என்னைத் தாண்டும்போதெல்லாம் நான் ரத்த டியூப்களை எடுத்து எண்ண ஆரம்பித்துவிடுவேன். நிமிர்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கீதா சிஸ்டர் கேட்டேவிட்டார்: "ஆறு டியூப்தானேண்ணா, எத்தன வாட்டி எண்ணுவீங்க?"

நல்ல ரிசல்ட்

பாஸ்கர் பிழைத்தார். எலும்பு மஜ்ஜையைச் சோதித்ததில் நோய் இப்போதைக்குக் கண்ணில் படவில்லை என்றார்கள். ரெஜினா நேராக என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டேன்.

"புதுசு அவருக்கு ஒத்துக்காதுன்னு தெரிஞ்சுதானே நீங்க பழசுல போட்டீங்க? அன்னிக்கி உங்கள மனசுல திட்டிட்டேண்ணா."

பெருங்களத்தூர் அம்மா

அடுத்த வாரம் பெருங்களத்தூரிலிருந்து ஒரு அம்மா, காய்ச்சலில் துவண்ட மகனோடு வந்தார். நாற்காலிக்கு அடியில் மாம்பழப் பை நுழைந்தது. இந்த முறை எழுந்து நின்றேன். "அம்மா, இது என் கையில இல்ல. டாக்டர் கையிலயும் இல்ல. கம்ப்யூட்டர் எடுக்குறது. பையை எடுத்துக்குங்க" என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். அந்த அம்மா எல்லாம் தெரிந்தவர் போலச் சிரித்து, பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

"இப்பிடித்தான் சொல்லுவீங்கன்னு ரெஜினா சொல்லிச்சு."

பன்னிரண்டு காயைத் திருப்பிக் கொடுக்க அன்று ஒரு வார்த்தை போதுமானதாக இருந்திருக்கும். இன்று எத்தனை வார்த்தை சொன்னாலும் கணக்கு நேராக மாட்டேன் என்கிறது.