மகளின் தடிமன்

வேலைக்குப் புறப்படும்போது சேலைக் கரையை இழுத்துவிடக் குனிந்தேன். இரண்டு கணுக்கால்களிலும் சிவப்புப் புள்ளிகள். நுளம்புக்கடி என்று நினைத்தேன். ஆனால் அரிப்பு இல்லை, அழுத்தினாலும் மறையவில்லை. மத்தியானம் பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது.

சில வாரங்களுக்கு முன்னர்தான் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்து போயிருந்தது. ஏழு வயது மகள் அபி பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தது. அவளுக்கும், துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவருக்கும் அது அத்தோடு முடிந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் டெங்கு என்று சந்தேகித்தார்கள். அது இல்லை. இரத்தத்தட்டுகள் (இரத்தத்தை உறையவைக்கும் மிகச் சிறிய அணுக்கள்) மட்டும் பெரும்பாலும் அழிந்துபோயிருந்தன.

“வைரஸை அழிக்கப் பழகின உங்கட எதிர்ப்புச் சக்தி, இப்ப இரத்தத்தட்டையும் அதெண்டு நினைச்சு அழிக்குது” என்றார் டொக்டர். “இனி வாற சளி, தடிமனும் இதைத் திரும்பக் கிளப்பலாம். கவனமா இருங்கோ.”

ஸ்டீரொயிட் குளிசைகள் என் முகத்தை ஊதவைத்துப் புள்ளிகளை மறையச் செய்தன. அளவைக் குறைத்த நேரம் அபிக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. எனக்கும் தொற்றியது. பிறகு ஒரு காலை வாய் நிறைய இரத்தத்தோடு எழுந்தேன். நான் கைகழுவும் பேசினில் துப்புவதை அவள் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

உதவிக்கு வந்த மச்சாள், என் கணவரின் தங்கை, பிள்ளையிடம் சொன்னாள்: “உன்ர தடிமன்தான் அம்மாவுக்கு இரத்தமா வந்தது.” கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. அன்றே அபியைக் குச்சவெளிக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அதன்பின் அபி தும்மினாலே உடுப்புப் பையை எடுப்பது வழக்கமாயிற்று.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்தவள் என்னிடம் வராமல் அறைக்குள் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாள். தலையணையில் வாயை அமுக்கி இருமினாள். தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

“காய்ச்சல் இல்லை அம்மா. வெயிலுக்க நடந்து வந்தனான்” என்றாள். பிறகு, “மாமி வீட்டை அனுப்பாதேங்கோ.”

அனுப்பினோம். காய்ச்சலோடு, கரையோரப் பஸ்ஸில், தகப்பனின் மடியில் போனாள்.

பின்னேரங்களில் போனில் அவள் எப்போது வீட்டுக்கு வருவது என்று கேட்கவில்லை. “அம்மா, இரத்தம் வந்ததா?” என்று மட்டுமே கேட்டாள். அந்த முறை எனக்கு ஒன்றும் வரவில்லை.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையைப் பிரித்துவைக்கத் தேவையில்லை, கை கழுவி, முகக்கவசம் போட்டால் போதும் என்று டொக்டர் பிறகு சொன்னார். நாங்கள் முன்னரே கேட்கவில்லை.

இப்போது இரத்தத்தட்டுகள் ஓரளவு குறையாமல் நிற்கின்றன. எனக்கு மாதங்கள் பிடிபடுவதில்லை. ஒரு தடிமனுக்கும் அடுத்த தடிமனுக்கும் இடையில்தான் இருக்கிறேன். டொக்டர் சொன்னதை அபியிடமும் சொன்னேன். தலையாட்டினாள். ஆனாலும் என்னைக் கட்டிப்பிடிக்க வருமுன் நடுவில் நின்று, தன் கழுத்தில் தானே கைவைத்துச் சூடு பார்க்கிறாள். அவள் பார்த்து முடிக்கும்வரை நான் கைகளை நீட்டியபடி நிற்கிறேன்.