நாலாவது தேசிக்காய்

லண்டன் வெம்பிளியில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு மலர் அக்காவுடையது. முழுப் பெயர் வசந்தமலர். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் பதினெட்டு வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவர். அந்தக் கை எதை மடித்தாலும் ஓரத்தோடு ஓரம் பொருந்தும். கடையில் தரும் பிளாஸ்டிக் பையைக்கூட நாலாக மடித்துத்தான் மேசை லாச்சிக்குள் வைப்பார்.

அவருடைய கணவர் சபாரத்தினம் அண்ணை எழுபதாம் ஆண்டே படிக்க வந்து, எஞ்சினியராகி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டவர். நாங்கள் எண்பத்தாறில் அகதியாக வந்தோம். என் கணவர் பத்மநாதனுக்கு பெற்றோல் ஷெட்டில் வேலை. எங்கள் அகதிக் கேஸ் கோம் ஒபிஸில், அதாவது உள்துறை அமைச்சில், கிடந்தது. அது முடியும்வரை இந்த நாட்டை விட்டு வெளியே கால் வைக்க ஏலாது. வைத்தால் திரும்பி வர விடமாட்டார்கள்.

மலர் அக்காவும் அண்ணையும் இரண்டு பிள்ளைகளுமோ ஒவ்வொரு ஓகஸ்டும் காரிலேயே இத்தாலிக்குப் போவார்கள். டோவரில் கப்பல் ஏறி, பிரான்ஸ் முழுவதும் ஓடி, சுவிஸில் மலையைக் குடைந்த நீளக் குகைப் பாதைக்குள் நுழைந்து, மறுபக்கம் இறங்கினால் கார்டா என்று ஓர் ஏரி. அதன் கரையில் கூடாரம் அடித்து இரண்டு கிழமை, பதினாலு நாள். யூலை பிறந்தவுடன் அக்காவின் குளிர்சாதனப் பெட்டியில் லிஸ்ட் ஒட்டப்பட்டுவிடும். கோப்பித் தகரத்துக்குள் மிளகாய்த்தூள், புட்டுக்குழல், விசிலடிக்கும் குக்கர். அண்ணை காரின் முன்விளக்குகளில் கறுப்பு நாடா ஒட்டுவார். அந்த நாடுகளில் வலப்பக்கமாக ஓடவேண்டும், வெளிச்சம் எதிரில் வருபவனின் கண்ணில் அடிக்கக்கூடாதாம். கடைசியாகப் பின்பக்கம், பிரிட்டன் கார் என்று காட்ட, ஜீ.பி. என்ற வெள்ளை ஸ்டிக்கர். அந்த இரண்டு எழுத்தையும் என் சமையலறை ஜன்னலால் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

அவர்கள் திரும்பி வந்ததும் எடுத்த போட்டோப் படங்களைப் பார்க்க நாங்கள் போகவேண்டும். ஒரு படம் எனக்கு மறக்கவே மறக்காது. நீலக்கோடு போட்ட மடக்குக் கதிரை ஒன்று, சாய்வு நாற்காலி, தண்ணீரின் விளிம்பில். அதில் மலர் அக்கா சாய்ந்திருக்கிறார். கால் இரண்டும் தண்ணீருக்குள். பின்னால் மலை.

"குக்கர் விசிலடிச்சவுடனை பக்கத்து டென்ற் ஜெர்மன்காரர் எல்லாம் வெளியிலை ஓடி வந்திட்டினம் வல்லி. இப்ப அந்த மனிசி விசில் கேட்டாத் தட்டோடை வாறா."

அக்கா என்னிடம் இப்படிச் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஓகஸ்ட் யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாக் காலம். நான் இருபத்தைந்து நாளும் மரக்கறியோடு ஒரு நேரச் சாப்பாடு. அக்கா அங்கே ஏரி மீன் பொரிக்கிறார். நான் இங்கே லண்டன் கோயிலில் முருகனுக்கு முன்னால் கண்ணை மூடினாலும் அந்த நீலக்கோட்டுக் கதிரைதான் தெரிந்தது.

ஆனால் அவர்கள் புறப்படும்போது காருக்குத் தேசிக்காய், எலுமிச்சங்காய், வைப்பது நான்தான். எண்பத்தேழில் நானாகவே கொண்டுபோய், கற்பூரம் காட்டி, சக்கரங்களின் அடியில் சில்லுக்கு ஒன்றாக நாலு வைத்தேன். கார் அவற்றை நசித்துக்கொண்டு போனது. அண்ணை முதலில் கேலி செய்தார். அந்த வருஷம் ஒரு வில்லங்கமும் இல்லாமல் போய் வந்ததால், அடுத்த வருஷம் அவரே கூப்பிட்டார். "வல்லியின்ரை கை ராசியான கை. அவ வைக்காமல் நான் காரை எடுக்கமாட்டன்."

எண்பத்தொன்பதில் அந்தக் கைதான் பிழை விட்டது.

அந்தக் கிழமை எங்களுக்குக் கோம் ஒபிஸ் கடிதம் வந்திருந்தது. இன்னும் பரிசீலனையில் உள்ளது என்று இரண்டே வரி. மூன்றாவது வருஷமும் அதே இரண்டு வரி. சனிக்கிழமை காலை தாம்பாளத்தோடு போனேன். அக்கா வாசலில் நின்று வீட்டைப் பூட்டி, திறப்பை என் கையில் வைத்தார்.

"தக்காளிக்குத் தண்ணி விடும். குப்பை வாளியை வியாழக்கிழமை வெளியிலை வையும். நாங்கள் வாற அண்டைக்கு இடியப்பம் அவிச்சு வைச்சீரெண்டால் புண்ணியமாப் போகும்."

"ஓமக்கா."

"பின்சீற்றிலை இன்னும் ஒராளுக்கு இடம் கிடக்கு. உம்மைக் கொண்டு போகலாம். என்ன செய்யிறது, உமக்குத்தான் கடல் கடக்க ஏலாதே!"

பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அது ஊசி மாதிரி இறங்கியது. கற்பூரம் காட்டினேன். முன்சில்லு இரண்டுக்கும் வைத்தேன். பின்பக்கம் வலச் சில்லுக்கு வைத்தேன். இடச் சில்லுக்குக் குனிந்தேன். குனிந்த இடத்தில் அண்ணாந்து பார்த்தால், கார்க் கூரையில் மூட்டைகளுக்கு மேலே அந்தக் கதிரை கட்டியிருந்தது. நீலக்கோடு தெரிந்தது. நான் அப்படியே நிமிர்ந்தேன். தேசிக்காய் என் கைக்குள்ளேயே இருந்தது.

"சரியோ வல்லி?" என்று அண்ணை கேட்டார்.

"சரி அண்ணை. போட்டு வாங்கோ."

கார் பின்னுக்கு உருண்டு, திரும்பி, தெருவைத் தாண்டிப் போய்விட்டது. கார் நின்ற இடத்தில் மூன்று தேசிக்காய் நசிந்து கிடந்தன. நாலாவது இடம் சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த தேசிக்காயோடு வீட்டுக்கு ஓடினேன்.

"என்ன அது கையிலை?" என்று வீட்டில் கணவர் கேட்டார்.

"தேசிக்காய்."

"கரைச்சுத் தாருமன், வெயிலுக்கு நல்லது."

நான் அழுதேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் தேசிக்காயை வாங்கி உருட்டிப் பார்த்தார். பிறகு, "இஞ்சரும், ஜெர்மன்காரன் எல்லாம் தேசிக்காய் வைச்சோ கார் ஓடுறான்?" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. சில்லு சரியாகத்தான் இருக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் காருக்குள் நாலு உயிர் போகிறது. அவர்களுக்கு நல்லது நினைக்கவென்று கூப்பிட்ட இடத்தில் நின்று நான் வேறு ஒன்றை நினைத்துவிட்டேன். ஏதும் நடந்தால் அது என் கையால் நடந்ததுதான்.

அந்த இரண்டு கிழமையும் தக்காளிக்குத் தண்ணீர் விடப் போகும்போது மூன்று தோலும் காய்ந்து கறுத்துக்கொண்டே வந்தன. நாலாவதைச் சுவாமிப் படத்தடியில் வைத்திருந்தேன். ஆட்களைத் திருப்பிக் கொண்டுவா, இனிமேல் அந்தக் கதிரையை நினைக்கமாட்டேன் என்று முருகனோடு பேரம் பேசினேன். பேரம் பேசும்போதும் கதிரை ஞாபகம் வந்தது.

ஞாயிறு பின்னேரம் கார் வந்து நின்றது. எல்லாரும் முழுசாக இறங்கினார்கள். நான் இடியப்பமும் சொதியும் கொண்டுபோய் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை படம் பார்க்கக் கூப்பிட்டார்கள். அக்காவின் மூத்த மகள் ஒவ்வொரு படமாக எடுத்துத் தந்தாள். ஒரு படத்தில் அக்கா டோவரில் காருக்குப் பின்னால் குனிந்து நின்றார். இன்னொன்றில் பிரான்ஸில் ஒரு பெற்றோல் ஷெட்டில், அதே மாதிரிக் குனிந்து. அடுத்தது மலைக் குகை வாசலில். அடுத்தது ஏரிக்கரையில். எல்லாவற்றிலும் பின்பக்கம் இடச் சில்லு.

"அம்மாவுக்கு இந்த முறை விசர் பிடிச்சிட்டுது அன்ரி," என்று பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். "நிக்கிற இடமெல்லாம் இறங்கி அந்த டயரைக் கையாலை தட்டித் தட்டிப் பாக்கிறா."

நான் படத்தைக் கவிழ்த்து வைத்தேன். மலர் அக்கா சிரிக்கவில்லை. "வல்லி, வாரும், தேத்தண்ணி போடுவம்," என்று எழுந்தார்.

சமையலறையில் கேத்திலை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கார் பின்னுக்கு எடுக்கேக்கை முன்னாலை பாத்தனான். மூண்டு கிடந்தது."

"அக்கா..."

"இவரிட்டைச் சொன்னா அந்த இடத்திலையே காரை நிப்பாட்டியிருப்பார். பிறகு உம்மைக் காரடிக்கே விடமாட்டார். அதாலை வாயைப் பொத்திக்கொண்டு போனன். போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள், எனக்கு ஒரு மலையும் தெரியேல்லை, ஒரு ஊரும் தெரியேல்லை. அந்தச் சில்லுத்தான். மறந்து போனீரோ?"

பொய் சொல்ல வாய் வந்தது. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற வாயால் அதைச் சொல்ல முடியவில்லை.

"மறக்கேல்லை அக்கா. பொறாமை எரிச்சல்."

"என்னிலையோ?"

"உங்கடை கதிரையிலை."

"என்ரை கதிரையிலையோ!" அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பன்னிரண்டு பவுண் கதிரை. அதுக்காக என்ரை குடும்பத்தையே மூண்டு சில்லிலை அனுப்பினீரோ?"

நான் சீலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தேன். அவர் என் தோளில் கை போடவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "தேயிலையை வடியும், கசக்கப் போகுது," என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடமாட்டார் என்றே நினைத்தேன். கூப்பிட்டார். நான் வைக்க வைக்கப் பக்கத்தில் நின்று, கணக்கு வாத்தியார் மாதிரி, "ஒண்டு, ரெண்டு, மூண்டு... ஆ, நாலு!" என்று சத்தமாக எண்ணினார். அண்ணைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓகஸ்டும் அந்த எண்ணிக்கை நடந்தது. எனக்கும் ஒவ்வொரு வருஷமும் எரிச்சல் வந்தது. ஆனால் நாலும் வைத்தேன்.

தொண்ணூற்றாறில் எங்களுக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. பத்மநாதன் பழைய வான் வண்டி ஒன்று வாங்கினார். அதே வருஷம் சபாரத்தினம் அண்ணைக்குக் கண்ணில் ஒப்பரேஷன். இனிக் கார் ஓடவேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு ஓடத் தெரியாது.

அக்கா தன் கூடாரத்தைக் கொண்டுவந்து தந்தார். கடையிலிருந்து அன்றுதான் வந்தது போல மடித்திருந்தது.

"கதிரை?" என்று எங்கள் பிள்ளைகள் கேட்டார்கள்.

"கதிரை தரமாட்டன். நான் ஓகஸ்ட் முழுக்கப் பின்வளவுக்குள்ளை அதிலைதான் இருக்கப் போறன்," என்றார். பகிடி போலத்தான் சொன்னார். முகம் பகிடி விடவில்லை.

புறப்படும் காலை அவரே தாம்பாளத்தோடு வந்தார். நான் வானுக்குள் இருந்தேன். முன்சில்லுகளுக்கு வைத்தார். பின்னால் போனார். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். ஒன்று வைத்தது தெரிந்தது. பிறகு இடப்பக்கம் வந்து எனக்கு முதுகு காட்டிக் குனிந்தார். நிமிர்ந்தார். சீலை மறைத்தது. இந்த முறை யாரும் எண்ணவில்லை. நான் திரும்பிப் பின்கண்ணாடியால் பார்த்தேன்; வானின் பின்னால் ஒட்டியிருந்த ஜீ.பி. ஸ்டிக்கரை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருஷம் என் ஜன்னலில் நின்ற பார்வை.

"சரியோ அக்கா?" என்று என் கணவர் கேட்டார்.

"சரி. போட்டு வாங்கோ."

கை அசைத்தார். விரல்களை விரிக்கவில்லை. பொத்திய கையை அசைத்தார்.

நிப்பாட்டுங்கோ என்று சொல்ல வாய் உன்னியது. சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? டோவர் வரும்வரை பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். கடல் தெரிகிறது என்று கத்தினார்கள். நான் கடலைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் உருளும் அந்த ஒரு சில்லின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கப்பலுக்கு வரிசையில் நின்றபோது இறங்கிப் பின்னால் போனேன்.

"இஞ்சரும், என்ன தேடுறீர்?" என்றார் இவர்.

"ஒண்டுமில்லை."

முழங்காலில் நின்று குனிந்து பார்த்தேன். இடச் சில்லின் வரிக்குள், கறுப்பு ரப்பரில், தேசிக்காய் விதை ஒன்று அப்பிப் பிடித்திருந்தது. பக்கத்தில் நகமளவு பச்சைத் தோல்.

விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்போதும் எனக்குள் ஒரு சின்ன எரிச்சல் எழும்பியது. அந்தப் பார்வையோடு நின்றும் அவருக்கு அதை வைக்க மனம் வந்திருக்கிறது. எனக்கு அன்று வரவில்லையே.